சூரிய மின் நிலையம் பார்க்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு கேள்வி

சூரிய மின் நிலையத்துக்கோ காற்றாலைக்கோ மாணவர்களை அழைத்துப் போகிறீர்களா? ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்: “போன வருடம் மொத்தம் எத்தனை யூனிட் உற்பத்தியானது?”

1 மெகாவாட் (அதாவது மணிக்கு 1,000 யூனிட் தரக்கூடிய) நிலையம் ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் வரவேண்டும். அந்தக் கணக்குப்படி ஒப்பிட்டால், சூரிய மின்சாரத்தில் பெரும்பாலும் கால் பங்குகூடத் தேறாது. ஏன் என்று பொறியாளரிடம் அங்கேயே கேட்கட்டும். இரவு, மேகம், தூசி என்று பேச்சு நீளும். பாடப்புத்தகத்தில் இல்லாதது அப்போதுதான் வெளிவரும்.

வெப்பம் கூடினால் மின்சாரமும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள் (ஆசிரியர்களும்தான்). உண்மையில் சிலிக்கான் தகடு 25 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. தகட்டின் பின்பக்க வெப்பநிலையை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

காற்றாலை என்றால் கட்டுப்பாட்டு அறைக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். காற்றின் வேகம் மாற மாற உற்பத்தி ஏறி இறங்குவதைத் திரையிலேயே பார்க்கலாம். உள்ளே படம் எடுக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூடிய காலணி கட்டாயம்.