இலங்கை மலையகத்துத் தலவாக்கலையிலிருந்து அன்ட்ரோமீடா நட்சத்திர மண்டலத்தைப் பார்ப்பது எப்படி?

எங்கள் பக்கம் தை, மாசியில்தான் வானம் தெளியும். லயத்து (தோட்டக் குடியிருப்பு) விளக்கும் ஃபெக்டரி வெளிச்சமும் படாத தேயிலை மேட்டுக்குப் போங்கள். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். கண்ணாடி குளிர்ந்தால்தான் படம் நடுங்காது. கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும், ஃபோனைத் தொடவே கூடாது.

தையில் இருட்டியதும் வடக்கே, சற்று மேற்காக, ‘எம்’ எழுத்துப் போல ஐந்து நட்சத்திரங்கள் தெரியும். அதன் இடப்பக்கக் கூர்முனையிலிருந்து இடப்பக்கமாகச் சாய்வாக மேலே, நீட்டிய கையால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக அளந்து தேடுங்கள். உருப்பெருக்கம் குறைந்த கண்வில்லையே போதும். அன்ட்ரோமீடா சாம்பல் நிறப் புகை மாதிரித்தான் தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் விரியும். அந்த ஒளி கிளம்பி ஏறக்குறைய 25 லட்சம் வருடங்கள்! 1923இல் வானியலாளர் எட்வின் ஹபிள், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியால் அதற்குள் ஒரு மாறொளிர் நட்சத்திரத்தை (ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம்) கண்டார். அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டுத்தான், அன்ட்ரோமீடா நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி நட்சத்திர மண்டலம் என்று உறுதியானது.

அப்புறம், கண்ணாடியில் பனி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும்.