வெளி ஸ்டேட்ல செகண்ட் ஹேண்ட் காரு வாங்கப் போறீங்களா, டாக்ஸ்ல நான் பண்ணுன தப்பெல்லாம் இதுதானுங்க

ஏனுங்க, பண்ணாரி தாண்டி திம்பம் ஏறி எறங்குனா ஒன்னரை லட்சம் கம்மியா காரு கெடைக்குதுன்னு யாராச்சும் சொன்னா ஒடனே கெளம்பிராதீங்க. நானும் அப்படித்தான் 2022ல கெளம்புனேன். கோபில ஒரு கன்சல்டிங்ல, அதாவது பழைய காரு வித்துக்குடுக்கற கடைல, அஞ்சே முக்கால் சொன்ன அதே மாடலு அதே வருசத்து வண்டி மலைக்கு அந்தப்பக்கம் கர்நாடகாவுல 4 லட்சத்து 20 ஆயிரத்துக்குத் தெகஞ்சுது, பெரியப்பா பையன் வேற கூட வந்து "அண்ணா யோசிக்காதீங்கண்ணா, டோக்கன் போட்ருங்க"ன்னு அவசரப்படுத்துனான், போட்டுட்டேன். கடைசில எல்லாஞ் செலவும் போக மிச்சமானது அறுபது ஆயிரம் சொச்சம். அதுக்கு மூணு மாசம் அலைச்சல், தறிய விட்டுப்போட்டு நாலு தடவை மலை ஏறி எறங்குனது, வீட்ல வாங்குன பேச்சு. இதெல்லாம் கணக்குல சேத்துனா எவ்ளோ மிச்சம்னு நீங்களே சொல்லுங்க.

மொதத் தப்பு, பெரிய தப்பு, முக்காவாசிப் பேரு பண்றது இதுதான். ரோடு டாக்ஸ் நாம வாங்குன வெலைக்குத்தான் போடுவாங்கன்னு நெனச்சுக்கறது. நாலு இருவதுக்கு வாங்குனோம், அதுல ஒரு பத்து பர்சண்ட்டுன்னா நாப்பத்திரண்டாயிரம், சரி போச்சாதுன்னு மனசுக்குள்ளயே கணக்கு போட்டுட்டு வந்துட்டேன். அப்படி இல்லீங்க. அந்த வண்டி ஷோரூம்ல இருந்து புதுசா எறங்கறப்ப என்ன வெலையோ அந்த வெலைதான் அடிப்படை. வண்டிக்கு வயசு ஏற ஏற பர்சண்டேஜ் கொறையும், அது நெசம், ஆனா அது எந்த வெலைக்கு மேலங்கறதுலதான் நாம எல்லாரும் ஏமாறுறோம். என்னோட வண்டி புதுசுல ஒம்போது லட்சத்துச் சொச்சம், எனக்கு டாக்ஸ் அறுபது ஆயிரத்த தாண்டிருச்சு.

இப்ப இன்னும் ஏறிருச்சுங்க. 2023 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்ல புதுக் காருக்கு லைஃப் டாக்ஸ், அதான் ஒரே தடவையா கட்டற ரோடு டாக்ஸ், 5 லட்சம் வரைக்கும் 12 பர்சண்ட், 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13, 10ல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18, 20 லட்சத்துக்கு மேல 20. அதுக்கு முந்தி 10 லட்சம் வரைக்கும் 10, அதுக்கு மேல 15, அவ்ளோதான் இருந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது அந்த 10 லட்சக் கோடு. 13க்கும் 18க்கும் நடுவுல எவ்ளோ பெரிய குழின்னு பாருங்க. இன்னைக்கு நாலு லட்சத்துக்கு கெடைக்கற வண்டி புதுசுல பத்தரை லட்சமா இருந்தா அது மேல் வரிசைல போய் உக்காந்துக்கும். அதனால டோக்கன் போடறதுக்கு முந்தியே மொத ஓனரோட இன்வாய்ஸ் காப்பியக் கேளுங்க, கெடைக்கலைன்னா ஆர்டிஓ ஆபீஸ் வண்டி விவரமெல்லாம் இருக்கற கவர்மெண்ட் வாகன் சைட்ல ஏறியிருக்கற சேல் அமவுண்ட் என்னன்னு பாத்துச் சொல்லச் சொல்லுங்க, அத வச்சு நம்மூரு ஆர்டிஓ ஆபீஸ்ல இந்த வருசத்து வண்டிக்கு எவ்ளோ வரும்னு கேட்டுட்டு அப்பறம் வெல பேசுங்க. டாக்ஸையும் சேத்து வெல பேசறவன்தான் மலைக்கு அந்தப்பக்கம் போகோணும்.

அடுத்தது என்ஓசி, அதாவது வண்டி வேற ஊருக்கு போறதுல ஆட்சேபணை இல்லைன்னு பழைய ஆர்டிஓ ஆபீஸ் குடுக்கற பேப்பரு. இதுல நான் பட்ட பாடு தனிக்கதை. வண்டி இருக்கற ஸ்டேட்டுல 28ஆம் நம்பர் ஃபார்ம் குடுத்து என்ஓசி வாங்கணும், அதுல எந்த ஆர்டிஓவுக்கு வண்டி போகுதுன்னு எழுதணும். என்ற வீடு கோபி பக்கம், டிஎன் 36. வித்துக்குடுத்த கன்சல்டிங்காரரு ஆதார்ல மாவட்டம் ஈரோடுன்னு இருந்தத பாத்துட்டு ஈரோடுன்னு போட்டுட்டாரு, அது டிஎன் 33. எனக்கும் அப்ப தெரியல, மாவட்டந்தானேன்னு விட்டுட்டேன். கோபில கவுண்டர்ல குடுத்தா "இது எங்களுக்கு வந்த என்ஓசி இல்லீங்க"ன்னு திருப்பி விட்டுட்டாங்க, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. அப்பறம் என்ன, மறுபடியும் அந்த 27 கொண்டை ஊசி வளைவு. கோயமுத்தூர்க்காரங்களுக்கு இது இன்னும் கொழப்பம், 37, 38, 66, 99ன்னு ஊருக்குள்ளயே நாலு இருக்கு, திருப்பூர்ல 39, 42, பொள்ளாச்சி 41, மேட்டுப்பாளையம் 40. உங்க வீட்டு அட்ரஸ் எந்த ஆபீஸ்ல வருதுன்னு பக்கத்து வீட்டு வண்டி நம்பரப் பாத்து முடிவு பண்ணாதீங்க, அவரு வாடகைக்கு வந்தவரா இருப்பாரு. நேர்ல போய் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

என்ஓசி கெடைக்காம நிக்கறதுக்கு இன்னும் மூணு காரணம் இருக்குங்க. ஒன்னு எச்பி, அதாவது வண்டி லோன்ல இருக்குன்னு ஆர்சில போட்டிருக்கற குறிப்பு. லோன் கட்டி முடிச்சாச்சுன்னு ஓனரு சொல்லுவாரு, உண்மையாவும் கட்டியிருப்பாரு, ஆனா ஆர்சி புக்குல பேங்கு பேரு அப்படியே இருக்கும். 35ஆம் ஃபார்ம், பேங்கு குடுக்கற லெட்டரு ரெண்டையும் வச்சு அத எடுத்தாத்தான் மேல நகரும், அந்த லெட்டரு பழசாயிருச்சுன்னா பேங்குல மறுபடியும் வாங்கிட்டு வான்னுருவாங்க. ரெண்டாவது சலான். பெங்களூர்ல ஓடுன வண்டின்னா சிக்னல் கேமரா ஃபைன் வரிசையா நிக்கும், 2023 பிப்ரவரில பாதி கட்டுனாப் போதும்னு கர்நாடகாவுல ஒரு சலுகை விட்டப்ப ஜனம் அள்ளிக்கிட்டு போய்க் கட்டுச்சே, அந்த அளவுக்கு அங்க பாக்கி இருந்துச்சுன்னு பாத்துக்கங்க. வண்டி நம்பர வச்சு ஈ-சலான் சைட்ல ரெண்டு நிமிசத்துல பாத்துரலாம்.

மூணாவது யாரும் யோசிக்காதது, ஓடிபி. ஆன்லைன்ல என்ஓசிக்கு போடறப்ப ஆர்சில இருக்கற ஓனரோட போன் நம்பருக்குத்தான் ஓடிபி போகும். அந்த நம்பர அவரு எப்பவோ தூக்கிப் போட்டிருப்பாரு. இல்லாட்டி ஆர்சில இருக்கறவரே வேற ஆளா இருப்பாரு, வண்டி மூணு கை மாறி வந்திருக்கும், எல்லாரும் பேரு மாத்தற 29, 30 ஃபார்ம்ல வெறுமனே கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டு பேரே மாத்தாம அடுத்தவன் தலைல கட்டியிருப்பானுங்க. காச வாங்குனவரு ஒருத்தரு, பேப்பர்ல இருக்கறவரு இன்னொருத்தருன்னா அந்த வண்டி எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் திரும்பி வந்துருங்க.

சட்டத்துல 48ஆம் பிரிவுல ஒன்னு இருக்கு, என்ஓசிக்கு எழுதிக் குடுத்து 30 நாளு வரைக்கும் ஆமாம்னும் சொல்லாம இல்லைன்னும் சொல்லாம இருந்தா குடுத்த மாதிரியே கணக்கு. நம்ம ஆளுக சில பேரு இத புடிச்சுக்கிட்டு வாதாடுவாங்க. வாதாடி என்னங்க பண்றது, அங்க சிஸ்டத்துல என்ஓசி ஏறலைன்னா இங்க ஸ்க்ரீன்ல உங்க வண்டியே வராது.

இப்ப அந்த பன்னண்டு மாசக் கதை. டீக்கடைல யாரக் கேட்டாலும் "வெளி ஸ்டேட் வண்டி ஒரு வருசம் ஓட்டலாமுங்க, ஒன்னும் பண்ண மாட்டாங்க"ன்னு சொல்லுவாங்க. 47ஆம் பிரிவுல 12 மாசம்னு இருக்கறது நெசம். ஆனா அது புது நம்பர் வாங்கறதுக்கு. அதாவது மைசூர்ல இருக்கறவரு வேலை மாத்தலாகி திருப்பூர் வந்தாருன்னா அவரு வண்டிக்கு அது. நீங்க காசு குடுத்து வாங்குனது வேற. பேரு மாத்தறதுக்கு 50ஆம் பிரிவுல தனியா கெடு இருக்கு, வாங்குனவரு 30 நாளுக்குள்ள தன்னோட ஊரு ஆபீஸ்ல தெரியப்படுத்தணும், வித்தவரு வெளி ஸ்டேட்டா இருந்தா 45 நாளுக்குள்ள என்ஓசியோட அவரு பங்கு பேப்பர குடுக்கணும். இந்த ரெண்டையும் ஒன்னா போட்டு கொழப்பிக்கிட்டு பதினோரு மாசம் தூங்கிட்டு அப்பறமேல்ட்டு ஓடறதுதான் நடக்குது. அதுக்குள்ள வித்தவரு போனே எடுக்க மாட்டாரு.

வித்தவருக்கும் இதுல ஆபத்து இருக்குதுங்கறத அவருகிட்டயே எடுத்துச் சொல்லுங்க, அப்பத்தான் வேலை வெரசா நடக்கும். வண்டி எங்கியாவது அடிச்சுதுன்னா ஆர்சில பேரு இருக்கறவருதான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, நடுவுல எத்தன கை மாறியிருந்தாலும் சரி. நான் இத சொன்ன மறுநாளே எங்க வண்டி ஓனரு புது சிம்மு, ஆதார் காப்பி எல்லாத்தோடயும் வந்து நின்னுட்டாரு.

டெல்லி வண்டி பத்தி ஒரு வார்த்தை. நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் பக்கமெல்லாம் டெல்லி டீசல் வண்டிக எறங்கறது தெரியுமில்லீங்களா. அங்க டீசல் 10 வருசம், பெட்ரோல் 15 வருசத்துக்கு மேல ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ல சொல்லி 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அத வச்சுதான் உத்தரவு போட்டுச்சு, அதனாலதான் அங்க வெல கொட்டிக் கெடந்துச்சு. பெரிய வண்டி, நல்ல வெல, எல்லாஞ் சரி. ஆனா அது புதுசுல 20 லட்சத்துக்கு மேல வித்த வண்டியா இருந்தா டாக்ஸ் மேல் வரிசைலதான் ஆரம்பிக்கும், வயசுக்கு கழிச்சது போகவும் கையக் கடிக்கும். நம்பர் மாத்துனா ஆயுசு புதுசா ஆரம்பிக்காது, 15 வருசம்ங்கறது மொத ரிஜிஸ்ட்ரேஷன் தேதில இருந்துதான். பன்னண்டு வருசத்து வண்டி வாங்கி மூணு வருசத்துல மறுபடியும் எஃப்சிக்கு நிக்கணும், அந்த ரினிவலுக்கு காருக்கு 600 ரூவாயா இருந்தது 2022 ஏப்ரல்ல இருந்து 5000 ஆயிருச்சு, அதோட பசுமை வரி வேற.

பாண்டிச்சேரி நம்பர் போட்டு டாக்ஸ மிச்சம் பண்ற ஐடியாவ யாராச்சும் குடுத்தா கை எடுத்துக் கும்புட்டு அனுப்பிருங்க. இல்லாத அட்ரஸ்ல ரிஜிஸ்டர் பண்ணி 2017ல கேரளாவுல எத்தன பெரிய ஆளுக மேல கேஸ் ஆச்சுன்னு பேப்பர்ல பாத்தோம். ஸ்டேட் மாறுனாலும் நம்பர் மாத்தத் தேவையில்லாத பிஹெச் நம்பர் வண்டியும் அப்படியே வாங்கி ஓட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க, அது அரசு வேலைல, ராணுவத்துல, நாலு ஸ்டேட்லயாச்சும் ஆபீஸ் இருக்கற கம்பெனில இருக்கறவங்களுக்கு, டாக்ஸும் ரெண்டு ரெண்டு வருசமாத்தான் கட்டியிருப்பாங்க. தறி ஓட்டற நமக்கு அந்த நம்பரு வராது, டிஎன்னுக்கு மாத்தி டாக்ஸ் கட்டித்தான் ஆகணும்.

ஜிஎஸ்டின்னு சொல்லி கன்சல்டிங்ல மொத்த வெலைக்கும் 18 பர்சண்ட் போட்டா கேள்வி கேளுங்க. 2025 ஜனவரில இருந்து பழைய காருக்கு 18 பர்சண்ட்டுதான், ஆனா அது டீலருக்கு நிக்கற லாபத்துக்கு மேல, வண்டி வெலைக்கு மேல இல்ல. ஓனருகிட்ட நேர்ல வாங்குனா அதுவும் இல்ல.

துபாய்ல இருக்கற மச்சான் வண்டிய கொண்டாந்தரலாமான்னு திருப்பூர்ல ஒருத்தர் என்கிட்டயே கேட்டாரு. அங்க ஸ்டியரிங் இடப்பக்கம், நம்ம நாட்டுக்குள்ள பழைய காரு கொண்டாரணும்னா வலப்பக்கம் இருக்கணும், மூணு வருசத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாது, மும்பை துறைமுகம் வழியாத்தான் வரணும், இத்தனையும் தாண்டி வந்தா கஸ்டம்ஸ்ல வண்டி வெலையவிட எச்சா டியூட்டி. அவரு சித்தெ நேரம் பேசவே இல்ல, டீய குடிச்சுட்டு போயிட்டாரு.

சின்ன விசயம் சிலது. இன்சூரன்ஸ் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தலைன்னா நம்ம வண்டிக்கு ஆன சேதத்துக்கு பணம் வராது, பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் அவரோட போயிரும், நமக்கு வராது. டிஎன் நம்பர் வந்ததும் புது நம்பர் பிளேட்டு, பழைய ஃபாஸ்டேக்க க்ளோஸ் பண்ணிட்டு புதுசு. பிரேக் இன்ஸ்பெக்டருகிட்ட காட்டறதுக்கு முந்தி சேஸ் நம்பர் மேல இருக்கற கிரீஸ தொடச்சு வையுங்க, தேய்ச்சு எடுக்கறப்ப ஒரு எழுத்து தெரியலைன்னாலும் இன்னொரு நாளு.

டாக்ஸ் ரீஃபண்டு பத்தி நான் வண்டி வாங்குறப்ப யாரும் சொல்லல. கர்நாடகாவுல லைஃப் டாக்ஸ் கட்டுன வண்டி வேற ஸ்டேட்டுக்கு போயிருச்சுன்னா ஓட்டுன வருசம் போக மீதிய திருப்பிக் கேக்கலாம், கேரளாவுலயும் அப்படி ஒன்னு இருக்கு. அதுக்கு இங்க டாக்ஸ் கட்டுன ரசீது, புது ஆர்சி எல்லாம் காட்டணும், அந்தப் பேப்பரெல்லாம் நம்மகிட்ட இருக்கும், அங்கத்த டாக்ஸ் ரசீது வித்தவருகிட்ட இருக்கும். ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஆகும். அதனால வெல பேசறப்பவே ரீஃபண்டு யாருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கங்க. நான் எழுதல. வண்டி என்ற பேருக்கு மாறி எட்டு மாசங் கழிச்சு அந்த ஓனரே போன் பண்ணி "அண்ணா, உங்க புது ஆர்சி காப்பி ஒன்னு வாட்ஸப்ல அனுப்புங்க, சும்மா ஃபைலுக்கு"ன்னு கன்னடமும் தமிழும் கலந்து கேட்டாரு, நானும் எதுக்குன்னு கேக்காம அனுப்பி வச்சுட்டேன்.