குவாலா கண்டா யானைகளைப் பார்க்கக் கிளம்பும் முன்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து, மலேசியாவின் பகாங் மாநிலத்தில் இருக்கும் குவாலா கண்டா யானைக் காப்பகத்துக்கு நான்கு தடவை போய்விட்டேன். முதல் தடவை பள்ளி விடுமுறையில் போய், யானையைவிட மனிதர்களின் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன். ஆண்டு விடுப்பில் ஒரு நாள் எடுத்து, வேலை நாளாகப் பார்த்துப் போங்கள்.

பஸ்ஸை நம்ப வேண்டாம், காடிதான் வசதி. கோம்பாக் டோல், காராக் நெடுஞ்சாலை, அப்புறம் கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் லஞ்சாங்கில் இறங்க வேண்டும். எப்படியும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். கெந்திங் செம்பாவில் நிறுத்திப் பசியாறிக்கொள்ளலாம். டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். நான் பார்க்காமல் போய் டோலில் பின்னால் நின்றவர்களிடம் ஹாரன் வாங்கியவள். திறக்கும் நேரமும் விதிகளும் மாறும் என்பதால் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

உள்ளே போனதும் நேராக ஆற்றங்கரைக்கு ஓடாதீர்கள். யானை இடமாற்றம் பற்றிய படம் போட்டால் உட்கார்ந்து பாருங்கள். காட்டை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டோம், யானை குருத்தைத் தின்ன வந்தது. சுடாமல் வேறு காட்டில் கொண்டுபோய் விடலாம் என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் 1974இல் இந்த வேலையைத் தொடங்கியது. காப்பகம் வந்தது 1989இல். பிடிபட்ட காட்டு யானையை இருபுறமும் அணைத்து நடத்தி வருவது பழகிய யானைகள், நம் பேச்சில் கும்கி. முதலில் இவற்றை அஸ்ஸாமிலிருந்து வரவழைத்தார்கள். இது தெரிந்த பிறகு அங்கே நிற்கும் யானையைப் பார்க்கிற பார்வையே வேறு.

பழம் கொடுக்கும் நேரம்தான் எனக்குப் பிடித்தது. அங்கே தருவதை மட்டும் கொடுங்கள், வீட்டுப் பழம் வேண்டாம். உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். ஆசிய யானைக்குத் தும்பிக்கை நுனியில் ஒரே ஒரு விரல். ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. அந்த ஒற்றை விரல் என் கையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, பப்பாளித் துண்டைச் சுற்றிக்கொண்டு போனது. கையில் சூடான மூச்சு, கொஞ்சம் மண், கொஞ்சம் சளி. துடைக்க ஒரு துண்டு எடுத்துப் போவது நல்லது. பின்பக்கமாக நெருங்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். யானை குளிக்கும்போது நான் ஆற்றில் இறங்குவதில்லை. அனுமதித்தாலும்தான். கரையிலிருந்து பார்த்தாலே போதும், அதுவாவது நிம்மதியாகக் குளிக்கட்டும்.

பெரியவர்களை அழைத்துப் போனால் குடை, தண்ணீர், வழுக்காத செருப்பு வேண்டும். மூன்றாவது தடவை அப்பாவைக் கூட்டிப்போனேன். பகாங் தோட்டத்தில் ராத்திரி தகரம் தட்டி யானை விரட்டியவர். கரும்பை நீட்டிவிட்டு, "எத்தனை செம்பனைக் கன்ன முழுங்கியிருப்ப நீ?" என்று அதனிடமே கேட்டார். அது அடுத்த துண்டுக்காக அவர் சட்டைப்பையைத் துழாவியது.