விண்டோஸ் இருக்கும் கணினியில் லினக்ஸ் மின்ட்: ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பது எப்படி?

லினக்ஸ் நிறுவும்போது புதியவர்களின் கை நடுங்குவது டிஸ்க்கைப் பிரிக்கும் திரையில்தான். அந்தப் பயம் நியாயமானது. முதன்முறை நான் தவறான பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பகுதியை) ஃபார்மட் செய்து, நண்பனின் கல்லூரி ப்ராஜெக்ட் முழுவதையும் அழித்துவிட்டேன். மின்ட் நிறுவும் திரையில் சி, டி என்ற பெயர்கள் வராது, அளவுதான் அடையாளம். அதனால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் அளவையும் முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெக்கவரி கீயைக் குறித்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். விண்டோஸ் சீக்கிரம் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணையுங்கள். அது இருக்கும்வரை, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது.

விண்டோஸில் இடம் ஒதுக்குவது

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, சி டிரைவில் ஷ்ரிங்க் வால்யூம் கொடுங்கள். அளவை எம்பியில் கேட்கும், 100 ஜிபி வேண்டுமென்றால் 102400 என்று அடிக்க வேண்டும். கறுப்புப் பட்டையோடு அன்அலோகேட்டட் என்று ஓர் இடம் தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், அதில் புது வால்யூம் உருவாக்க வேண்டாம்.

மின்ட் நிறுவும்போது

மின்ட் ஏற்றிய யுஎஸ்பியில் பூட் செய்து, எப்படி நிறுவுவது என்று கேட்கும் பக்கத்தில் கடைசியாக உள்ள 'சம்திங் எல்ஸ்' தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 'ஃப்ரீ ஸ்பேஸ்' சுமார் 107374 எம்பி என்று காட்டும். பலர் குழம்பிப் போவது இங்கேதான். இடம் ஒன்றும் கூடிவிடவில்லை. விண்டோஸ் கணக்கில் ஒரு எம்பி 10,48,576 பைட், இங்கே சரியாக 10 லட்சம் பைட். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து + அழுத்துங்கள். அளவு 40000, வகை எக்ஸ்ட்4 (லினக்ஸ் கோப்புகளை அடுக்கும் முறை), மவுன்ட் பாயின்ட், அதாவது லினக்ஸில் அந்த இடம் இணையும் பாதை, வெறும் சாய்கோடு (/). சிஸ்டம் உட்காரும் இடம் இது. மறுபடி + அழுத்தி, மீதி முழுவதையும் எக்ஸ்ட்4 ஆக, உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கு (/home) கொடுங்கள். ஹோமைத் தனியாக வைப்பதை நான் வற்புறுத்தியே சொல்வேன். நாளைக்கு மின்ட்டை மறுபடி நிறுவ நேர்ந்தால், ஹோமை ஃபார்மட் செய்யாமல் விட்டால் போதும், உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும். ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, அதற்கான கோப்பைச் சிஸ்டமே உருவாக்கிக்கொள்ளும்.

அப்புறம், பட்டியலில் இஎஃப்ஐ என்று சின்னதாக ஒன்று இருக்கும், பெரும்பாலும் 100 எம்பி. விண்டோஸ் பூட் ஆவது அதை வைத்துத்தான். மின்ட்டும் அதையே பகிர்ந்துகொள்ளும். அதில் ஃபார்மட் டிக் எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது. கணினி தொடங்கும்போது சிஸ்டத்தை ஏற்றும் பூட் லோடருக்கான இடமாக, அந்த இஎஃப்ஐ இருக்கும் டிஸ்க்கையே காட்டுங்கள்.

சரி, 'இன்ஸ்டால் நவ்' அழுத்தியதும் என்னென்ன ஃபார்மட் ஆகப்போகின்றன என்று ஒரு பெட்டி கேட்கும். அதுவரை டிஸ்க்கில் எதுவும் மாறியிருக்காது. அதில் இரண்டே எக்ஸ்ட்4 பார்ட்டிஷன்கள் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஏதாவது தெரிந்தால் 'கோ பேக்' அழுத்தி, தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.