நீளமான பெஞ்ச்: ஆட்டநேரம் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் ஓர் இளம் பயிற்சியாளரின் கூடைப்பந்து ஆட்டத்தை அவருடைய பெஞ்சுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல அணி. பத்து, பதினோரு பேரில் யாரை இறக்கினாலும் ஆடுவார்கள். அப்படியிருந்தும் இடைவேளைக்குள் பெஞ்சில் நான்கு முகங்கள் தொங்கிவிட்டன. அவர் செய்த ஒவ்வொன்றையும் நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் துணைப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் மாற்று அட்டையைக் கையில் வைத்திருந்தவன் நான். யார் எப்போது உள்ளே, யார் எப்போது வெளியே என்று குறித்து, தலைமைப் பயிற்சியாளர் திரும்பிப் பார்க்கும்போது அடுத்த பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

ஃபவுல் எண்ணிக்கையை மறப்பது, டைம்அவுட்டை வீணாக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும்.

200 நிமிடத்தைத் தாண்டி வாக்குக் கொடுப்பது

ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 5 பேர். ஆக மொத்தம் 200 நிமிடம். எத்தனை திறமைசாலிகள் இருந்தாலும் இது 201 ஆகாது. கூடுதல் நேரம் வந்தால் 5 நிமிடத்துக்கு இன்னொரு 25 கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒரு வருடம் சீசன் தொடங்கி மூன்று வாரத்திலேயே எங்கள் அணியில் முணுமுணுப்பு. காரணம் தெரியவில்லை. கடைசியில் பயிற்சியாளர்கள் மூவரும் உட்கார்ந்து, கோடையில் யார் யாருக்கு என்ன சொன்னோம் என்று ஒரு தாளில் எழுதினோம். "உனக்கு இருபது நிமிஷம் இருக்கும்", "குறைந்தது பதினைந்து". கூட்டிப் பார்த்தால் 236. மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இருபது நிமிடம் என்று கேட்டுப் போன பையன் பதினொன்றுதான் ஆடினால், ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பான். அதன் பிறகு ஆட்டக்காரரிடம் நிமிடம் பேசுவது ஒரே ஒருவர்தான் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் ஐவரில் இடம் பெறுவதைப் பரிசாக்குவது

யார் தொடங்குகிறார்கள் என்பதைவிட, கடைசி 5 நிமிடம் யார் களத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம். இரண்டும் ஒரே ஐவராக இருக்க வேண்டியதில்லை. இதைச் சீசன் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தவறு செய்த அடுத்த நொடியே வெளியே எடுப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

ஆள் நிறைய இருக்கும் அணிக்குத்தான் இந்த வியாதி வரும். ஏழு பேரை வைத்து ஓட்டும் பயிற்சியாளர், பந்தைக் கோட்டைவிட்டவனைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடவிடுவார். வேறு ஆளில்லை. பத்துப் பேர் தயாராக உட்கார்ந்திருந்தால், கை தானாகவே பெஞ்ச் பக்கம் நீண்டுவிடும்.

எங்களிடம் ஓர் இடதுகைக் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவன்) இருந்தான். பயிற்சியில் எங்கள் முதல் பாயிண்ட் கார்டையே திணறடிப்பான். ரொட்டேஷனில், அதாவது முறைவைத்துக் களமிறக்கும் ஆட்களின் வரிசையில், ஒன்பதாவது ஆள். முதல் பாதியில் ஒன்பது நிமிடம் மீதியிருக்கும்போது அவனை அனுப்புவோம். மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்கோரர் மேசை முன் ஒரு முழங்காலை ஊன்றிக் காத்திருப்பான். பந்து நிற்கும், ஹார்ன் அடிக்கும், உள்ளே ஓடுவான். ஒரு பாஸ் கையளவு முன்னால் போய் எல்லைக் கோட்டைத் தாண்டும். தலைமைப் பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் அட்டையைப் பார்த்து அடுத்த பெயரைச் சொல்வேன். அவன் பெயருக்கு நேரே, ஆடிய நிமிடத்தையும் நொடியையும் எழுதுவேன். தொடர்ந்து நான்கு ஆட்டங்கள்: 1:10, 2:05, 0:48, 1:30. அந்த அட்டைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பாருங்கள். கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பந்து ஏறக்குறைய 70 முறை கைக்கு வரும். அப்படியென்றால் 2 நிமிடத்தில் மூன்று அல்லது நான்கு முறை. ஐந்து பேரில் ஒருவனாக இருப்பவன் அதில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை முடிவெடுப்பான். அதுவும், ஆட்டம் நின்ற நேரத்தையும் சேர்த்தால், இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து கால் இறுகிப்போனவன். எதிரே ஓடிக்கொண்டிருப்பவர்களோ உடம்பு சூடாகி முழு வேகத்தில் இருப்பவர்கள். அந்த ஒரு பாஸை வைத்து "இவன் இன்னும் தயாராகவில்லை" என்று நாங்கள் தீர்ப்பு எழுதினோம்.

நேரம் போனதைவிட மோசம், அவன் கற்றுக்கொண்ட பாடம். தவறு செய்யாமல் இருப்பதுதான் தன் வேலை என்று புரிந்துகொண்டான். எதையும் செய்யாமல் இருந்தால் தவறும் வராது, இல்லையா?

சீசன் முடிவில் எங்கள் லீக் தொடர். முதல் கார்டுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, இரண்டாவது கார்டு ஐந்தாவது ஃபவுலில் வெளியேறிவிட்டான். கடைசி ஆறு நிமிடம் இவன்தான். ஒரு கட்டத்தில் எங்கள் பெஞ்ச் பக்கத்துக் கார்னரில் தனியாக நின்றான். பந்து வந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ஷாட். அவன் கூடையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தான். அரை நொடிதான். பிறகு பந்தைத் திருப்பி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டான். இரண்டு புள்ளியில் தோற்றோம்.

அன்றிரவு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பந்து கையை விட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் அவன் தலை பெஞ்ச் பக்கம் திரும்பியது. சீசன் முழுக்க நாங்கள் பழக்கியதைத்தான் அவன் செய்தான். அடுத்த கோடையில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். முன்பு கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் அணி மாறினால் பெரும்பாலும் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021 முதல் அந்தத் தடை தளர்ந்துவிட்டது. பெஞ்சில் வாடுகிறவன் இப்போது உங்களுக்காகக் காத்திருக்க மாட்டான்.

சரி, என்ன செய்வது? அந்த வருடத்துக்குப் பிறகு, முதல் பாதியில் ஒன்பதாவது, பத்தாவது ஆளுக்கு நான்கு நிமிடம் என்று ஆட்டத்துக்கு முன்பே அட்டையில் எழுதிவிடுவோம். அவனிடமும் சொல்லிவிடுவோம்: "நாலு நிமிஷம் உன்னுடையது. பந்தைக் கோட்டைவிட்டாலும் நாலு நிமிஷம்." இரண்டே விலக்குகள். எதிரணி பந்தோடு ஓடும்போது திரும்பி ஓடாமல் நடந்தால் வெளியே. தனியாக நிற்கும்போது போட வேண்டிய ஷாட்டைப் போடாவிட்டால் வெளியே. போட்டுத் தவறவிட்டால் ஒன்றுமில்லை. இதைக் கேட்டதும் பையன்களின் தோள் இறுக்கம் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொன்று. அவனை யாரோடு அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பந்தை நிதானமாகக் கொண்டுவரும் கார்டு ஒருவனும், முதல் ஐவரில் இன்னொருவனும் பக்கத்தில் இருந்தால் அவனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். நான்கு புதியவர்களோடு தள்ளிவிட்டால் அந்த நான்கு நிமிடமும் வீண். ஒளிபரப்பாகும் ஆண்கள் ஆட்டங்களில் ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடம் மீதி என்ற குறிகளைத் தாண்டி ஆட்டம் முதலில் நிற்கும்போது டைம்அவுட் வரும். அந்த டைம்அவுட் முடிந்ததும் அவனை இறக்குவது நல்லது. அவன் செய்ய வேண்டியதை அமைதியாகச் சொல்ல நேரம் இருக்கும், அடுத்த நிறுத்தம்வரை ஆட்டமும் அவன் கையில் இருக்கும்.

ஐந்து பேரையும் ஒரேயடியாக மாற்றுவது

ஆள் நிறைய இருக்கும் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் இந்த ஆசை வரும். உடனே 2014-15 கென்டக்கிப் பல்கலைக்கழக அணியை எடுத்துக்காட்டுவார்கள். பயிற்சியாளர் ஜான் கலிபாரி அந்த வருடம் அணியை இரண்டு ஐவராகப் பிரித்து மாற்றி மாற்றி இறக்கினார். நவம்பரில் கான்சஸை 72-40 என்று நொறுக்கினார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பத்துப் பேரும் நாடு முழுக்கத் தேடி எடுத்த ஆட்டக்காரர்கள். டிசம்பரில் அவர்களில் ஒருவரான அலெக்ஸ் பாய்த்ரெஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்ததும், அந்த இரட்டை ஐவர் முறையை அவர்களே கைவிட்டு வழக்கமான ரொட்டேஷனுக்குத் திரும்பினார்கள். 38 வெற்றிக்குப் பிறகு தேசியத் தொடரின் அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றார்கள்.

கிரின்னல் கல்லூரியும் ஐந்து ஐந்து பேராக மாற்றிப் பேர் வாங்கியது. அங்கே முழுக்களப் பிரஸ் (களம் முழுக்க எதிரணியை நெருக்கிக் காப்பது), இடைவிடாத மூன்று புள்ளி ஷாட் என்று ஆட்டமே அந்த மாற்றத்துக்காக வடிவமைக்கப்பட்டது. உங்கள் இரண்டாவது ஐவரில் பந்தைக் கொண்டுவர ஒரு ஆள், ரீபவுண்ட் எடுக்க ஒரு ஆள், நெருக்கடியில் ஷாட் போட ஒரு ஆள் இருக்கிறார்களா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் இந்த ஆசையை விடுங்கள். இரண்டு இரண்டு பேராக மாற்றினால் போதும்.

இரண்டு ஃபவுல் ஆனதும் இடைவேளைவரை உட்காரவைப்பது

ஐந்தாவது ஃபவுலில்தான் வெளியேற வேண்டும். பன்னிரண்டு நிமிடம் மீதியிருக்கும்போது இரண்டாவது ஃபவுல் வாங்கியவனை இடைவேளைவரை உட்காரவைத்தால், அந்தப் பன்னிரண்டு நிமிடம் நிச்சயமாகப் போயிற்று. எதற்குப் பயந்து? கடைசியில் ஓரிரு நிமிடம் போகலாம் என்று. அது நடக்காமலும் போகலாம். ஆள் நிறைய இருக்கும் அணிக்கு இந்தப் பயம் இன்னும் குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவன் வெளியேறினாலும் ஈடுகொடுக்க ஆள் உண்டு. ஒரு நிறுத்தம்வரை உட்காரவைத்து மனத்தை ஆறவிடுங்கள். அப்புறம் அனுப்புங்கள். உயரமான ஆள் ஒரே ஒருவன்தான் என்றால் மட்டும் கணக்கு வேறு.

பெரிய முன்னிலையின் கடைசி இரண்டு நிமிடத்தை வாய்ப்பாக எண்ணுவது

எண்ணாதீர்கள். பையன்களும் எண்ணுவதில்லை.

ஒரே ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை நம்புவது

ஒருவன் களத்தில் இருந்தபோது அணி எடுத்த புள்ளியிலிருந்து விட்டுக்கொடுத்த புள்ளியைக் கழித்தால் வருவதுதான் அது. பத்து ஆட்டம் சேரட்டும்.

களைப்பை மறைக்கத் தூண்டுவது

வெளியே போனால் திரும்ப வர முடியாது என்று தெரிந்தால், எவனும் களைப்பைக் காட்ட மாட்டான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, எதிராளியை ஓரடி விட்டுக் காப்பான். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் டீன் ஸ்மித் இதற்கு எளிய வழி வைத்திருந்தார். களைத்தவன் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் அவனை மாற்றுவார். அப்படித் தானே கேட்டு வெளியே வந்தவன், மூச்சு வாங்கியதும் தானே திரும்பப் போகலாம். தானே திரும்பப் போகலாம் என்பதுதான் முக்கியம். அது இல்லாமல் முஷ்டியை மட்டும் எடுத்துக்கொண்ட பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன்கூடக் கையைத் தூக்கவில்லை.

நேரம் குறைந்ததை அவனே அட்டையிலிருந்து கண்டுபிடிக்க விடுவது

ஒருவனை ரொட்டேஷனிலிருந்து எடுக்கப்போகிறீர்கள் என்றால், ஆட்டத்துக்கு முந்தைய நாளே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு காலத்துக்கு, எதனால், எதை மாற்றினால் திரும்ப வரலாம். மூன்றும் வேண்டும். ஒரு ஜனவரியில் நான்காம் ஆண்டு பையன் ஒருவனிடம் இப்படிச் சொன்னேன். எழுந்து கதவை அறைந்துவிட்டுப் போனான். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள் வந்து, "பக்கவாட்டில் கால் நகர்வது மெதுவாக இருக்கிறது என்றீர்களே, அந்த வீடியோவைக் காட்டுங்கள்" என்றான். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.