முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின்னும் பிற கால் காயங்களிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டு வீரர்களின் கால் காயங்களைக் கவனிக்க வரும் இளம் இயன்முறை மருத்துவர்களைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் மீண்டும் நடப்பது தெரிகிறது. உடலைச் சூடேற்றாமல் ஆடுவது, பொருந்தாத காலணி அணிவது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாதக் கணக்கை மட்டும் பார்த்துக் களத்துக்கு அனுப்புதல்

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும், ஏ.சி.எல். எனப்படும் முன்சிலுவை ஜவ்வு கிழிந்து, அதற்குப் பதிலாகத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பொருத்திச் சீரமைத்த வீரரிடம், "ஆறு மாதம் ஆகிவிட்டது, வலியும் இல்லை, இறங்கலாம்" என்று சொல்வதை இன்றும் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. பொருத்திய தசைநாண் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகு இரத்த ஓட்டம் பெற்று, மெல்ல மெல்லத்தான் ஜவ்வின் தன்மைக்கு மாறுகிறது. அந்த மாற்றம் ஓராண்டைத் தாண்டியும் நீளும். வலியோ அதற்கு வெகுமுன்பே அடங்கிவிடும். நார்வேயிலும் அமெரிக்காவிலும் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, 9 மாதம் வரை களம் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாய விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைவதைக் காட்டியது.

போட்டி நெருங்கிய வேளையில் ஒரு கபடி வீரரை அவருடைய பயிற்சியாளர் என்னிடம் அழைத்து வந்தார். ஒற்றைக் காலில் முன்னோக்கித் தாவும் சோதனையில் இரு கால்களும் ஒரே தூரம் தாண்டியதால், வேறோரிடத்தில் தகுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். அளவு நாடாவைச் சுற்றினால் அறுவை செய்த தொடை சிறுத்திருந்தது. மேல்நோக்கிக் குதிக்கச் சொன்னேன். நல்ல கால் எட்டிய உயரத்தில் முக்கால் பங்குகூட வரவில்லை. தரையிறங்கியபோது முழங்கால் மடங்காமல் விறைத்து நிற்க, உடல் முன்சாய்ந்து இடுப்பு சுமையை வாங்கிக்கொண்டது. முன்னோக்கித் தாவும் விசையைப் பெரும்பாலும் இடுப்பும் கணுக்காலுமே தந்துவிடுவதால், முழங்காலின் பலவீனம் அந்தச் சோதனையில் மறைந்துபோகும். மேல்நோக்கிய குதிப்பில்தான் அது வெளிப்படும். எவ்வளவு எடுத்துச் சொல்லியும் பயிற்சியாளர் கேட்கவில்லை. பாடிச் சென்றவர் நடுக்கோட்டுக்குத் திரும்பப் பாதத்தை ஊன்றி உடலைத் திருப்பியபோது, யாரும் தொடாமலேயே முழங்கால் உள்நோக்கிச் சாய்ந்தது; மறுபடியும் அறுவை.

முன்தொடைத் தசையின் வலிமையைக் கருவியால் அளந்து, அது மறுகாலின் 90 சதவீதத்தையேனும் எட்டியதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஆடாமல் இருந்ததால் அந்த மறுகாலும் மெலிந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே அறுவைக்கு முன்பே அந்த மறுகாலின் வலிமையை அளந்து குறித்துவைப்பது நல்லது.

வீக்கம் இருக்கும்போதே பளு ஏற்றுதல்

மூட்டில் நீர் கோத்திருக்கும்வரை முன்தொடைத் தசைக்குச் செல்லும் தூண்டலை நரம்பு மண்டலமே அடக்கிவைக்கும். முதலில் வீக்கத்தைக் குறைத்து, முழங்கால் முழுமையாக நீள்வதை உறுதிசெய்யுங்கள்.

கணுக்கால் சுளுக்கு

வீக்கம் வடிந்ததும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். ஒற்றைக்கால் சமநிலைப் பயிற்சி தொடர வேண்டும்.

பின்தொடைத் தசைக் கிழிவு

முழு வேக ஓட்டத்தில், முன்னே வீசிய கால் தரையைத் தொடவிருக்கும் தருணத்தில், நீண்டபடியே விசையைத் தாங்கும்போதுதான் இத்தசை பெரும்பாலும் கிழிகிறது. எனவே படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்ததோடு முடிவெடுக்காமல், படிப்படியாக வேகத்தைக் கூட்டி, முழு வேகத்திலும் ஓடவைத்துப் பார்த்த பிறகே அனுமதியுங்கள்.