கழிமுகத்திலும் கரையோரக் காட்டிலும் படமெடுக்க: நீரின் நேரமும் ஒளியின் நேரமும்

ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தைப் படமெடுக்கக் கிளம்புபவர், சூரிய உதய நேரத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அன்று அங்கே நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதைப் பார்த்துவிட வேண்டும். மலையையோ வயல்வெளியையோ எடுப்பவருக்கு நிலம் அப்படியே காத்திருக்கும். நல்ல ஒளி வந்தால் போதும். கழிமுகத்திலோ, விடியற்காலையில் கரை முட்ட நிறைந்து கிடந்த நீர்ப்பரப்பு, ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் சேற்றுவெளியும் மணல்திட்டும் நெளிந்தோடும் வாய்க்கால்களுமாக மாறிவிடும். ஒளியும் நீர்மட்டமும் நமக்கு வேண்டிய விதத்தில் ஒன்றுகூடும் நேரத்தைக் கணித்து, அப்போது சரியான இடத்தில் நிற்பதுதான் இங்கே பாதி வேலைக்கும் மேல். அந்த நேரம் வாய்க்காத பொழுதுகளில் கரையோரக் காடு கைகொடுக்கும்.

ஓத அட்டவணையைப் படிப்பது

பெரும்பாலான கடற்கரைகளில் நீர் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. இந்த ஏற்ற வற்றமே ஓதம்; அதன் நேரங்களை முன்கூட்டியே கணித்துத் தருவது ஓத அட்டவணை. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் இன்று பார்த்த அதே நீர்மட்டம் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும். இந்த 50 நிமிடத்திலிருந்து படக்கலைஞருக்கு மிகவும் பயன்படும் ஓர் உண்மை கிடைக்கிறது. உங்கள் கழிமுகத்தில் அமாவாசையை ஒட்டிக் காலை ஆறு மணிக்கு நீர் முழுவதும் வற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே காலை ஆறு மணிக்கு நீர் நிறைந்திருக்கும். அடுத்த வாரம், பௌர்ணமியை ஒட்டி, மறுபடியும் வற்றியிருக்கும். ஆக, ஓர் இடத்தின் போக்கை ஒருமுறை தெரிந்துகொண்டால், 'சூரியன் எழும்போது சேற்றுவெளி முழுவதும் திறந்திருக்கும் நாள்' எது என்பதைப் பிறை காட்டும் நாள்காட்டியை வைத்தே மாதக்கணக்கில் முன்கூட்டிக் குறித்துவிடலாம். நாளுக்கு ஒருமுறை மட்டுமே ஏறி இறங்கும் சில கரைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு எல்லா நாளும் ஒன்றல்ல. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பிறகு ஓரிரு நாளில் அது மிக அதிகமாகவும், அரைநிலாவை ஒட்டிய நாள்களில் மிகக் குறைவாகவும் இருக்கும். வாய்க்கால்களின் முழு உருவமும் சேற்றின் அடிவரையும் தெரிய வேண்டுமானால் முதல் வகை நாள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர் அதிகம் அசையாத அமைதியான பிரதிபலிப்புகள் வேண்டுமானால் இரண்டாவது வகை நாள்கள் நல்லவை. மேலும், நீர் ஒரே சீரான வேகத்தில் ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்ற கணக்கில் அது ஏறும் என்பது மாலுமிகள் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்கு. நடுவில் வரும் இரண்டு மணி நேரத்திலேயே பாதி உயரம் ஏறிவிடும் என்பதால், அந்த நேரத்தில் படச் சட்டத்துக்குள் இருக்கும் காட்சி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒரு படத்தை நிதானமாக அமைக்க நினைப்பவர் ஏற்றமும் வற்றமும் திரும்பும் வேளைகளையே நாட வேண்டும்.

அட்டவணை பெரும்பாலும் ஏதேனும் ஒரு துறைமுகத்துக்காகக் கணிக்கப்பட்டதாக இருக்கும். ஆற்றுக்குள் செல்லச் செல்ல ஏற்றம் தாமதமாக வந்து சேரும். மேல்பகுதியில் நீர் விரைவாக ஏறி மெதுவாக வடிவதும் உண்டு. கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் பலத்த காற்றும், குறைந்த காற்றழுத்தமும் நீர்மட்டத்தைக் கணிப்புக்கு மேலே உயர்த்தும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். ஆகவே படமெடுக்கப் போகும் இடத்தில் ஒரு பாறையையோ நட்டு வைத்த கம்பத்தையோ அடையாளமாகக் கொண்டு, நீர் அதைத் தொடும் நேரத்தையும் அன்றைய அட்டவணை நேரத்தையும் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் இடத்துக்கான திருத்தம்.

நீர் வடிந்த வெளி

புதிதாகத் திறந்த சேற்றின்மேல் மெல்லிய நீர்ப்படலம் தங்கியிருக்கும். அந்தப் படலம் இருக்கும்வரை சேறு வானத்தின் நிறத்தை வாங்கிக்கொண்டு மின்னும். காற்றும் வெயிலும் அதை உலர்த்திவிட்டால் வெறும் சாம்பல் பரப்பாகச் சோர்ந்துவிடும். எனவே நீர் முழுவதும் வற்றும்வரை காத்திராமல், வடியும் விளிம்பைப் பின்தொடர்ந்து படமெடுப்பது நல்லது. சூரியன் அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது அதற்கு எதிர்த்திசையில் கேமராவைத் திருப்பினால் நிறங்கள் மென்மையாகவும், சூரியனை நோக்கித் திருப்பினால் வாய்க்கால்கள் ஒளிக்கோடுகளாகவும் அமையும். பக்கவாட்டு ஒளியோ, சேற்றில் பதிந்த அலைவரிகளுக்கு நிழல் கொடுத்து அவற்றை எழுப்பிக் காட்டும். குனிந்து பார்த்தால் அங்கே தனியாக ஒரு சிறிய உலகமே இருக்கும்: நண்டு வளையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிறு மண்ணுருண்டைகள், உள்ளான் அலகை நுழைத்து நுழைத்து நடந்ததன் புள்ளி வரிசை, அதைக் குறுக்கே வெட்டிப்போகும் நத்தையின் தடம். இவற்றை எடுக்க 50 முதல் 100 மி.மீ. வரையிலான லென்ஸ், எஃப் 11 அளவிலான அப்பெர்ச்சர் (லென்ஸில் ஒளி புகும் துளை), முழங்கால் உயரத்தில் நிற்கும் முக்காலி ஆகியவை போதும். எடுக்க நினைக்கும் பரப்பில் முதலில் கால் வைத்துவிடக் கூடாது. சேற்றில் பதிந்த காலடி அடுத்த ஏற்றம் வரும்வரை அழியாது.

வாய்க்கால்களின் வளைவைக் காட்டுவதற்குத் தேவையானது உயரம். கரை மட்டத்தில் நின்று, அகன்ற பரப்பைப் பிடிக்கும் வைடு லென்ஸால் எடுத்தால் அவை தொலைவில் மெலிந்து ஒரு கோடாகிவிடும். கரைமேட்டிலோ குன்றிலோ ஏறி 70 முதல் 135 மி.மீ. லென்ஸால் எடுத்தால், ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள் அடுக்கடுக்காக நெருங்கி வரும். கழிமுகத்துக்கு வைடு லென்ஸ்தான் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், இந்தத் தட்டையான நிலத்துக்கு தொலைவை நெருக்கிக் காட்டும் நடுத்தர டெலி லென்ஸே பெரும்பாலும் பொருத்தமாக இருக்கிறது.

பிரதிபலிப்பு வேண்டுவோர் ஏற்றம் திரும்பும் அமைதியான நேரத்தில் காற்றில்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்க வேண்டும். விடியலில் அந்த வாய்ப்பு அதிகம். நீரில் தெரியும் மரத்தின் உருவத்துக்கு ஃபோகஸ் வைக்கும்போது நீர்ப்பரப்பின் தூரத்துக்கு வைக்கக் கூடாது. மரத்தின் உருவம் மரம் இருக்கும் அளவுக்குத் தூரத்தில் இருப்பதாகவே லென்ஸுக்குத் தோன்றும். வானத்தைவிட அதன் பிரதிபலிப்பு எப்போதும் சற்று இருண்டே இருக்கும் என்பதால், பின்னர் கணினியில் இரண்டையும் சமமாக்கிவிடவோ, நீரை வானத்தைவிட வெளிச்சமாக்கிவிடவோ கூடாது. பார்ப்பவரின் கண்ணுக்கு அது உடனே உறுத்தும்.

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன்னால் பொருத்தும் போலரைசர் ஃபில்டரை இங்கே கவனத்தோடு பயன்படுத்த வேண்டும். நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 பாகை சாய்வில் கீழ்நோக்கிப் பார்க்கும்போது அது பிரதிபலிப்பை அறவே நீக்கிவிடும். ஆழமில்லாத நீரின் அடியில் உள்ள மணலையும் பாசியையும் காட்ட அது வரப்பிரசாதம். வானத்தின் நிறத்தை வாங்கி நிற்கும் நீரைக் காட்ட வந்தவருக்கு அதுவே எதிரி. வளையத்தை மெதுவாகச் சுழற்றி, பிரதிபலிப்பு எவ்வளவு வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்தே நிறுத்துங்கள். மிக அகன்ற வைடு லென்ஸோடு பயன்படுத்தினால் நீலவானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாக இருண்டுவிடும்.

என்டி ஃபில்டர் என்பது ஒளியைக் குறைக்கும் இருண்ட கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவதோ இரட்டிப்பாவதோ ஆகும். பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒளியை சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். 1/15 நொடியில் எடுக்க வேண்டிய படத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் ஷட்டர் திறந்திருக்கும். நீர் முழுவதும் பஞ்சாக மாறிய அப்படிப்பட்ட படங்கள் கழிமுகத்தின் இயல்பையே துடைத்துவிடுகின்றன என்பது என் கருத்து. வடியும் நீரில் நுரை இழுத்துச் செல்லும் கோடுகள்தான் அந்த இடத்தின் ஓட்டத்தைக் காட்டுபவை. அவற்றைப் பிடிக்க அரை நொடியிலிருந்து இரண்டு நொடி வரை போதும். நங்கூரமிட்ட படகு சட்டத்தில் இருந்தால் அது அசைந்து மங்கும் என்பதால் இன்னும் குறைந்த நேரமே தாங்கும்.

பறவைகள் தாமாக நெருங்கி வரும் நேரம்

நீர் வற்றியிருக்கும்போது உள்ளான்களும் கொக்குகளும் பரந்த சேற்றுவெளி முழுவதும் சிதறி இரை தேடும். நீர் ஏற ஏற அந்த வெளி சுருங்கிக் கரையை நோக்கி ஒதுங்கும். பறவைகளும் அதனோடு ஒதுங்கும். ஆகவே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஒரு புதரை ஒட்டி அமர்ந்து அசையாமல் இருப்பவருக்கு, துரத்திப் போகும் எவருக்கும் கிடைக்காத நெருக்கம் கிடைக்கும். நடக்கும் பறவைக்கு 1/500 நொடியும், பறக்கும் ஆலாவுக்கு 1/2000 நொடியும் வேண்டும்; அதற்காக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) உயர்த்தத் தயங்க வேண்டாம். கேமரா பறவையின் கண் மட்டத்தில் இருந்தால் பின்புலம் தொலைவில் கரைந்து மென்மையாகும்.

உச்ச ஏற்றத்தின்போது அவை கூட்டமாக ஒரு திட்டில் ஓய்வெடுக்கும். வலசை வரும் பறவைகளுக்கு அந்த ஓய்வு அடுத்த பயணத்துக்கான வலுவைச் சேமிக்கும் நேரம். பறக்கும் கூட்டம் அழகாக இருக்கும் என்பதற்காக அவற்றை எழுப்புவது கொடுமை. தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர ஆரம்பித்தாலே நாம் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்று, மெதுவாகப் பின்வாங்க வேண்டும். கூடுகளின் இருப்பிடத்தைக் காட்டும் படங்களையும் தகவல்களையும் வெளியிடாமல் இருப்பது நல்லது.

கரையோரக் காட்டுக்குள்

உச்சிவெயிலும், மேகம் மூடிய வெளிறிய வானமும் சேற்றுவெளியைச் சப்பென்று ஆக்கிவிடும். இவற்றுள் மேகம் மூடிய பொழுதே காட்டுக்கு உகந்தது. வெயில் நேரத்தில் இலைகளுக்கிடையே விழும் ஒளித்திட்டுகளுக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு கேமராவால் தாங்க முடியாத அளவுக்குப் பெரிது. மேகமோ மூடுபனியோ அதைத் தணித்து, பட்டைகளின் அமைப்பையும் பச்சையின் பலவகைச் சாயல்களையும் வெளிக்கொணரும். மூடுபனிக்குக் கூடுதல் பயன் உண்டு: பின்னால் நெருக்கியடித்து நிற்கும் மரங்களை வெளிறச் செய்து, முன்னால் நிற்பதைத் தனியே பிரித்துக் கொடுக்கும். முந்தைய இரவு தெளிந்த வானமும் காற்றின்மையும் ஈரமும் இருந்தால் மறுநாள் விடியலில் அதை எதிர்பார்க்கலாம். பனியைக் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் சாம்பல் நிறமாக ஆக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவு) ஒரு ஸ்டாப் வரை கூட்டி, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது விளிம்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காட்டில் சிக்கல் எப்போதும் மிகுதியால் வருவது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் அடிமரம் வேறெந்த மரத்தோடும் ஒட்டாமல் தெரியும்வரை இடமும் வலமுமாக நகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு சாண் நகர்ந்தாலே இரண்டு மரங்கள் பிரிந்துவிடும். கிளைகளுக்கிடையே வெள்ளையாகத் தெரியும் வானத்துண்டுகளைச் சட்டத்திலிருந்து தள்ளிவிட, கேமராவைச் சற்றே தாழ்த்தி 70 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸைப் பயன்படுத்துவது எளிய வழி. போலரைசர் இங்கே உற்ற துணை. ஈர இலைகளின் மேல் உள்ள வெள்ளைப் பளபளப்பை நீக்கி உண்மையான பச்சையைக் காட்டும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை அது விழுங்கும் என்பதால் முக்காலி அவசியம். இலைக்கூரையின் கீழ் எல்லாவற்றின்மீதும் பச்சைச் சாயல் படியும். கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்து வைத்தால், நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸைப் பின்னர் திருத்தலாம்.

கழிமுகத்தை ஒட்டிய மரங்களுக்கென்று ஓர் உருவம் உண்டு. உப்புத் துளிகளைச் சுமந்து வரும் கடற்காற்று, அது வீசும் பக்கத்து மொட்டுகளைக் கருக்கிவிடுவதால், மரம் மறுபக்கமாகவே வளர்ந்து சாய்ந்து நிற்கும். காற்றின் திசைக்குக் குறுக்காக நின்று எடுத்தால்தான் அந்தச் சாய்வு முழுமையாகத் தெரியும். காற்றுக்கு நேராக நின்றால் அது சாதாரண மரமாகவே பதிவாகும்.

சேறு, உப்பு, திரும்பும் வழி

சேற்றுவெளியில் இறங்குவதானால் நீர் வடியும்போது இறங்கி, அது மீண்டும் ஏறத் தொடங்குவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். ஏறும் நீர் முன்னால் மட்டும் வருவதில்லை. நமக்குப் பின்னால் உள்ள வாய்க்கால்களில் முதலில் நிறைந்து, கரைக்குத் திரும்பும் வழியை அறுத்துவிடும். மூடுபனி இருந்தால் திசையும் தெரியாது. அப்போது இறங்கவே வேண்டாம். அந்த இடத்தை அறிந்த ஒருவரிடம் கேட்காமலும், தனியாகவும் இறங்க வேண்டாம். கால் ஆழமாகப் புதைந்தால் பதற்றத்தோடு இழுக்காமல், பின்புறமாகச் சாய்ந்து உடலின் எடையைப் பரப்பி, காலை மெல்ல அசைத்து விடுவிக்க வேண்டும்.

முக்காலியைச் சேற்றில் நிறுத்தும்போது எல்லாவற்றுக்கும் கீழே உள்ள மெல்லிய பகுதியை முதலில் முழுவதும் நீட்டிவிடுங்கள். பூட்டுகள் சேற்றுக்கும் உப்புநீருக்கும் மேலே இருக்கும். காற்றடிக்கும் கரையில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்த்து, மாற்றியே ஆக வேண்டுமானால் காட்டின் மறைவுக்கு வந்து மாற்றலாம். திரும்பியதும் முக்காலியின் கால்களை நல்ல நீரில் அலசி, பகுதிகளை நீட்டிய நிலையிலேயே உலர விட வேண்டும். கேமராவை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். உப்பு படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும் என்பதால், லென்ஸின் முன்பக்கத்தை முதலில் காற்றூதியால் ஊதி, ஈரமிட்டே துடைக்க வேண்டும். அன்றே படங்களைக் கணினியில் ஏற்றும்போது, ஒவ்வொரு தொகுப்புக்கும் உச்ச ஏற்றத்துக்கு முன்னோ பின்னோ எத்தனை மணி நேரத்தில் எடுத்தது, நிலாவின் நிலை என்ன என்பதைத் தலைப்புக் குறிப்பில் சேர்த்துவிட்டால், அதே காட்சியை வேறு ஒளியில் எடுக்க எந்த நாளில் திரும்பி வர வேண்டும் என்பதை அந்தக் குறிப்பிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.